கண்ணாடிப் பெட்டிக்குள்ள மேட்டம்மா

"பெரியவங்க எத்தனை பேரு, குழந்தைங்க எத்தனை பேரு?"

டிக்கெட் கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டர விட்டுக் கண்ண எடுக்காமக் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாத்தேன். எனக்குப் பின்னாடி ஒரு வேன் சனம் நிக்குது. தேங்கா, பூ, எலுமிச்சம்பழம், ஊதுவத்தி, சக்கரப் பொங்கல் தூக்கு, மஞ்சப் பையில ஒரு செவப்புப் பொடவ. நடுவுல என் தங்கச்சி செல்வி. அவ இடுப்புல அவ பையன் தருண், ரெட்டை ஜடை போட்டு, ஜடையில கனகாம்பரம் வச்சிக்கினு.

கவுன்ட்டர் பொண்ணு எட்டிப் பாத்து, "பாப்பாவுக்கு டிக்கெட் வேணாம் சார், சின்னப் புள்ளைங்களுக்கு ஃப்ரீ"ன்னுச்சு.

"அது பாப்பா இல்லம்மா, பையன்."

"பையனுக்கும் ஃப்ரீதான் சார்."

செல்வியோட மாமனார் கோவிந்தன் எல்லாரையும் ஒதுக்கிட்டு முன்னாடி வந்தாரு. "ஏம்மா, சாமி கும்புட வந்தவங்களுக்கு இன்னாத்துக்கு டிக்கெட்டு?"

"இங்க சாமி எதுவும் இல்லீங்க. இது மியூசியம்."

"உள்ள கீதும்மா. உனக்குத் தெரியாது. எங்க மருமவ ஊருலேர்ந்து லாரியில வந்த சாமி."

அந்தப் பொண்ணு எங்கள மேலயும் கீழயும் பாத்துச்சு. அது மேல தப்பு சொல்ல முடியாது. மியூசியத்துக்கு வர்றவன் கேமராவோட வருவான், தண்ணி பாட்டிலோட வருவான். சவரக் கத்தியோட ஒரு சலூன்காரரக் கூட்டிக்கினு வந்த ஒரே கூட்டம் நாங்களாத்தான் இருக்கணும்.

அது கடலோரத்துல ஒரு துறைமுகப் பட்டணம். பேரு வேணாம். நான் எழுதப் போய் அங்க யாருக்காவது மெமோ குடுத்தா அந்தப் பாவம் எனக்கெதுக்கு? ஏதோ ஆபீஸ் கட்டறதுக்குப் பள்ளம் தோண்டினப்ப, சோழர் காலத்துக் கிடங்கு, செவுரு, கெணறுன்னு வரிசையா வெளிய வந்துச்சாம். ஆபீஸ வேற எடத்துல கட்டிக்கலாம்னு விட்டுட்டு, அந்தச் செவுருங்க மேலயே கண்ணாடித் தர போட்டு மியூசியம் கட்டிட்டாங்க. அங்கதான் எங்க மேட்டம்மா குடியிருந்தா, ஏ.சி. ரூம்ல.

ஜடை போட்ட பையன்

போன வாரம் நான் எழுதுன ஆம்ப்ளிஃபயர் எரிஞ்ச கதையப் படிச்சிட்டு, "நீ மைக்செட் போடுற ஆளா, இல்ல கத வுடுற ஆளா?"ன்னு தியாகதுருகம் டீக்கடையில ஒருத்தர் கேட்டாரு. ரெண்டும்தாங்க. ஊர் ஊரா கோயில் திருவிழாவுக்கு ரேடியோ கட்டறவன் நான். அம்மன் பாட்டு போட்டுச் சம்பாதிச்சுத்தான் வூட்ல அடுப்பு எரியுது. ஆனா சாமி பூதம்னு எனக்குப் பெரிய நம்பிக்கையெல்லாம் கெடயாது. ஸ்பீக்கருக்குப் பின்னாடியே நிக்கறவனுக்கு அருள் கொஞ்சம் கம்மியாத்தான் வரும்.

செல்வி அப்படி இல்ல. அவளக் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல கட்டிக் குடுத்தோம். மாப்ள ஏழுமலை சென்ட்ரிங் வேல. நல்ல ஆளு, பேச்சு கம்மி. கல்யாணம் ஆகி மொதல்ல ஒரு கொழந்த வயித்துலயே போச்சு. அடுத்தது பொறந்து, பேரு வைக்கறதுக்கு முன்னாடியே போச்சு. அந்த வூட்டுத் தொட்டியில அவ முதுகக் காட்டிக்கினு துணி தொவச்சிக்கினே இருந்தது எனக்கு இன்னும் நெனவு இருக்கு. வந்தவங்க யாருகிட்டயும் திரும்பிப் பேசல. தொவச்சதையே திரும்பத் தொவச்சா.

அப்புறம்தான் எங்க ஊருக்கு வந்து, மேட்டம்மா முன்னாடி வுழுந்து வேண்டிக்கினா. எனக்கு ஒண்ணு குடு, மொத முடி உன் காலடியில எறக்கறேன், எறக்கறவரைக்கும் அவன் உன் புள்ள, எறக்குனப்புறம் எனக்குக் குடுத்துரு. இதான் பேச்சு. நானும் பக்கத்துல நின்னேன். இவ இன்னா வட்டிக்கடையில பேசுறா மாதிரி பேசறாளேன்னு மனசுக்குள்ள சிரிச்சேன்.

தருண் பொறந்தான். மொதல் வருசம் முடியறதுக்குள்ள மொட்ட போடலாம், தாய்மாமன் மடியில, அதாவது என் மடியில, உக்கார வச்சுன்னு நாளெல்லாம் பாத்தாச்சு. அதுக்குள்ள சாமியே ஊரக் காலி பண்ணிட்டா.

வேற எங்கயாவது மொட்ட போடுன்னு சொல்லாத ஆளு இல்ல. அவ மாமனாரு, "எங்க குலசாமிக்கு இல்லாத முடியா?"ன்னு மாசம் தவறாம ஒரு சண்ட போடுவாரு. செல்வி மசியல. குடுக்கறேன்னு சொன்ன எடத்துல குடுக்கலன்னா அம்மா குடுத்தத திருப்பி எடுத்துக்குவான்னு அவளுக்குப் பயம். வெறும் பயம் இல்ல, தூக்கத்துல எழுந்து பையன் மூக்குல கைய வச்சுப் பாக்கற பயம். பையனுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட எனக்கு போன் வரும். "அண்ணா, அம்மா கேக்கறா. எப்பண்ணா போலாம்?"

பையன் முடி இடுப்புக்கு வந்துருச்சு. பேன் வேற. ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேக்கணும். விசாரிக்கப் போன எடத்துல டீச்சர் பொண்ணுங்க வரிசையில நிக்க வச்சிட்டாங்களாம். அவனும் சமத்தா நின்னுட்டு வந்துட்டான்.

கப்பல் வந்த மேடு

சாமி எப்படி ஊரக் காலி பண்ணான்னு சொல்லணுமில்ல.

எங்க ஊரு தியாகதுருகத்துக்குக் கொஞ்சம் தள்ளி. ஊருக்கு வெளிய ஒரு மேடு, சல்லிமேடுன்னு பேரு. எங்க தோண்டுனாலும் ஒடஞ்ச பானை ஓடா வரும். அந்த மேட்டு மேலதான் மேட்டம்மா. ஆள் ஒசரக் கல்லு. மேல கத்தி, வெளக்கு, இன்னும் என்னென்னமோ செதுக்கியிருக்கும். கத்தி அம்மாவோட அருவா, வெளக்கு அம்மாவோட கண்ணு, நடுவுல ஒண்ணு இருக்கும், அது இன்னான்னு யாருக்கும் தெரியாது, அதனால சூலம்னு முடிவு பண்ணிட்டோம். எண்ணெ, மஞ்சள், குங்குமம்னு தலமொற தலமொறயா அப்புனதுல கல்லு எங்க முடியுது, மஞ்சள் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது.

தண்ணி டேங்க் கட்டப் பள்ளம் தோண்டினாங்க. ஜேசிபி பெரிய பெரிய செங்கல்லா வாரிப் போட்டுச்சு. காலேஜ்லேர்ந்து ஆளுங்க வந்தாங்க, பிரஷ்ஷால மண்ணத் தட்டுனாங்க, குனிஞ்சி அம்மா பாதத்துல ஒட்டியிருந்த மஞ்சளச் சொரண்டுனாங்க. உள்ள எழுத்து.

கடைசியில பாத்தா, எங்க அம்மா ஒரு வரிக் கல்வெட்டு. அந்தக் காலத்து வியாபாரிங்க கூட்டம் கூடி நட்டு வச்சதாம். கல்வராயன் மலையிலேர்ந்து எறங்கற மூட்டைக்கு இவ்வளவு, துணிக் கட்டுக்கு இவ்வளவு, இதையெல்லாம் அந்தத் துறைமுகத்துக்குக் கொண்டு போறவன் இவ்வளவு கட்டணும்னு எழுதி வச்சிருக்கானுங்க. சூலம்னு நாங்க கும்புட்டது தராசு. டோல்கேட் போர்டுக்குப் பொங்கல் வச்சிருக்கோம்னு வச்சுக்குங்களேன்.

மலையிலேர்ந்து இன்னிக்கும் புளி எறங்குது, கடுக்கா எறங்குது, தேனு எறங்குது. எறக்கறவன் கையில ஒண்ணும் நிக்கறதில்ல. அந்த விசயத்துல மட்டும் நாம பாரம்பரியத்தக் காப்பாத்திக்கினு வர்றோம்.

கல்லுல துறைமுகத்துப் பேரு இருந்ததால, துறைமுகத்து மியூசியத்துலதான் அது இருக்கணும்னு மேல முடிவாச்சு. அனுப்பி வைக்க மேட்டு மேலயே ஒரு விழா. மைக்செட் யாருன்னு கேக்கறீங்களா? நான்தான். எங்க சாமிய வழியனுப்ப நானே பாக்ஸ் கட்டி, நானே "ஹலோ, செக், செக்" சொன்னேன்.

மேடையில ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கப்பலப் பத்தியே பேசுனாங்க. எங்க ஊர்ல முக்காவாசி சனம் கடலையே பாத்ததில்ல. ஆத்துல தண்ணியே வருசத்துல கொஞ்ச நாளுதான். அங்க நின்னுக்கினு ஒருத்தர், "இந்த மண்ணிலிருந்துதான் நம் கப்பல்கள் புறப்பட்டன"ன்னாரு. எனக்குப் பக்கத்துல நின்னவன் மேட்டுக்குக் கீழ இருந்த கரும்புக் கொல்லயத் திரும்பிப் பாத்தான். எதுக்கும் ஒரு தடவ பாத்துக்கலாம்னுதான்.

"ஆறே மாசம், ஆராய்ச்சி முடிஞ்சதும் திரும்பக் கொண்டாந்துருவோம்"னு கடைசியா மைக்குல சொன்னாங்க. சத்தம் நல்லா தெளிவா கேட்டுச்சு, என் செட்டாச்சே. அம்மாவ சாக்குல சுத்தி, பழைய மெத்தைய மேல கட்டி, லாரியில படுக்க வச்சாங்க. பொம்பளைங்க அழுதாங்க. செல்வி கைப்புள்ளயத் தூக்கிக்கினு லாரி பின்னாடியே மெயின் ரோடு வரைக்கும் ஓடுனா. நான் ஒயரச் சுத்திக்கினு இருந்தேன்.

ஃபைபர் அம்மா

ஆறு மாசம் போச்சு, இன்னொரு ஆறு மாசம் போச்சு. அம்மா வரல. அதுக்குப் பதிலா ஒரு நாளு டாட்டா ஏஸ் வண்டியில ஃபைபர்ல செஞ்ச மேட்டம்மா வந்து எறங்குனா. அச்சு அசல் அப்படியே, எழுத்து மொதக்கொண்டு. ஒரே வித்தியாசம், ஒரு ஆளு ஒரு கையால தூக்கலாம். உள்ள காலி.

ஊர்க்காரங்க முறைப்படிதான் நடந்தாங்க. பூக்கட்டிப் பாத்தாங்க. வெள்ளப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம், ஃபைபர்ல வந்து குடியிருக்க அம்மாவுக்குச் சம்மதம்னா வெள்ளய எடுத்துக் குடு. ஒரு சின்னப் பொண்ண விட்டு எடுக்கச் சொன்னா செவப்பு வந்துச்சு. குலுக்கிப் போட்டு எடுத்தா திரும்பச் செவப்பு. அம்மாவுக்கும் பிளாஸ்டிக் ஆவலன்னு தெரிஞ்சு போச்சு.

ஆடி மாசக் காத்துல ஃபைபர் அம்மா ரெண்டு தடவ கொல்லயில போய் வுழுந்து கெடந்தா. அப்புறம் பஞ்சாயத்துல காலுக்கு சிமென்ட் போட்டாங்க. இப்ப ஆடுங்க முதுகு சொறிஞ்சிக்குது.

"இதுகிட்டயே முடிய எறக்கிரு"ன்னு செல்விகிட்ட சொல்லிப் பாத்தேன். "உன் கல்யாணத்துக்கு உன் பொண்டாட்டி போட்டோவ உக்கார வச்சாத் தாலி கட்டுவியா?"ன்னு கேட்டா. என் பொண்டாட்டி பக்கத்துலயே இருந்ததால நான் பதில் சொல்லல.

வெள்ளிக்கிழமை லீவு

அதனாலதான் சாமி இருக்கற எடத்துக்கே போறதுன்னு முடிவாச்சு. நாங்க வந்தது இது ரெண்டாந் தடவ. மொதத் தடவ வந்த கதையச் சொல்லாம விட்டா என் மாப்ளயே கோச்சுக்குவான்.

அம்மனுக்குச் செய்யற காரியம், எந்தக் கிழமையில செய்வீங்க? வெள்ளிக்கிழமதான. அமோகமான முகூர்த்தம் பாத்து, விடியறதுக்கு முன்னாடி கள்ளக்குறிச்சியில கெளம்பி, வேன் பூரா அம்மன் பாட்டுப் போட்டுக்கினு போய் எறங்குனா, கேட்டுல பூட்டு.

வாச்மேன் சொன்னாரு: "வெள்ளிக்கிழம வார விடுமுறைங்க."

கோவிந்தன் மாமா பூட்டப் புடிச்சு இழுத்துப் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு: "அம்மனுக்கு வெள்ளிக்கிழம லீவு குடுத்த மொத ஆளு யாருப்பா?"

"கவர்மென்ட்டுங்க."

கேட்டு முன்னாடியே தேங்கா ஒடைக்கலாம்னாங்க. வாச்மேன் கும்புட்டுக் கேட்டுக்கிட்டாரு, வேணாம்னு. போனதுக்குக் கடலப் பாத்துட்டு வந்தோம். எல்லாரும் கால நனைச்சாங்க. செல்வி வேன விட்டு எறங்கல. "அம்மா கதவச் சாத்திட்டாண்ணா"ன்னு மட்டும் சொன்னா. வர்ற வழியில பையனுக்கு வேன்ல வாந்தி. அவ மூஞ்சி செத்துப் போச்சு. அவன நெஞ்சோட கட்டிக்கினு, உளுந்தூர்பேட்டை வர்றவரைக்கும் அவ உதடு முணுமுணுத்துக்கினே இருந்துச்சு. எனக்கு அன்னிக்குத்தான் கொஞ்சம் கிலி புடிச்சுது. அம்மா எடுத்துக்குவான்னு இல்ல. இவ பயந்தே படுத்துருவாளோன்னு.

செருப்ப எங்க வுடறது?

ரெண்டாந் தடவ புதன்கிழமையில வந்தோம். டிக்கெட் எடுத்தாச்சு. வாசல்ல எங்க சனம் பூரா செருப்பக் கழட்டி வரிசையா விட்டுச்சு. செக்யூரிட்டி ஓடியாந்தாரு.

"செருப்போடவே போலாங்க!"

"அம்மா முன்னாடி செருப்போடயா? நீங்க போவீங்களா?"ன்னு செல்வி கேட்டா. அவரு தன்னோட பூட்ஸக் குனிஞ்சு பாத்தாரு.

அடுத்தது பை சோதனை. தேங்கா வெளிய. கற்பூரம், ஊதுவத்தி, தீப்பெட்டி வெளிய. பொங்கல் தூக்கு வெளிய. எலுமிச்சம்பழம் எதுக்குன்னு கேட்டுட்டு அதுவும் வெளிய. சலூன் வேலு அண்ணன் பொட்டியத் தொறந்தாரு. கத்தி, கத்திரி, பிளேடு. செக்யூரிட்டி ரெண்டு அடி பின்னாடி போனாரு.

"இன்னா சார் இது?"

"தொழிலு"ன்னாரு வேலு அண்ணன்.

எல்லாத்துக்கும் டோக்கன் குடுத்து ரூம்ல வச்சுப் பூட்டிட்டாங்க. எங்க கையில மிஞ்சுனது பூவும் பொடவையும் பையனும்தான். மொட்ட போட வந்தவங்க கையில மொட்டக் கத்தி இல்ல. "மொதல்ல உள்ள போவலாம், அம்மா வழி காட்டுவா"ன்னா செல்வி. அம்மா வழி காட்டறதுக்குள்ள, 'வழி'ன்னு அம்புக்குறி போட்ட போர்டு காட்டிச்சு.

உள்ள கண்ணாடித் தர. காலுக்குக் கீழ பள்ளத்துல லைட் போட்டுப் பழைய செவுருங்க, உறைகெணறு, ஒடஞ்ச ஜாடி. எங்க சனம் யாரும் கண்ணாடி மேல கால் வைக்கல. ஓரமா இருந்த சிமென்ட் வெளிம்புல, செவுரப் புடிச்சிக்கினு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நகந்து போறாங்க. நான் மட்டும் தைரியமா நடுவுல நடந்தேன். நடுவுல போய் நின்னப்புறம் கீழ பாத்தேன். பாத்திருக்கக் கூடாது.

கீழ ஒரு சாக்கட ஓடியிருக்கு, பாத்துக்குங்க. நூல் புடிச்சாப்ல நேரா, செங்கல் அடுக்கி, சரிவு வச்சு. கருணாபுரத்துல என் தங்கச்சி வூட்டு முன்னாடி போன மழைக்குத் தோண்டுன சாக்கடயப் பாத்தவனுக்கு அங்கயே வுழுந்து கும்புடத் தோணும். என்னைக்காவது நம்ம சாக்கடயத் தோண்டி எடுத்து யாராவது மியூசியம் வச்சா, ஓடவே ஓடாத சாக்கடய எதுக்குக் கட்டுனாங்கன்னு பெரிய ஆராய்ச்சியே நடக்கும்.

காதுல மாட்டிக் கேக்கற மெஷின் ஒண்ணு குடுத்தாங்க. கோவிந்தன் மாமா அத மாட்டிக்கினு கண்ண மூடி, கையக் கும்புட்டு நின்னுட்டாரு. நான் ஒண்ண எடுத்துக் கேட்டேன். மூட்டைக்கு எவ்வளவு வரின்னு ஒரு ஆம்பளக் குரல் சொல்லிக்கினு இருக்குது. பேஸ் கொஞ்சம் ஜாஸ்தி. மாமா கண்ணுல தண்ணி.

பொடவ இல்லாம

கடைசி ஹால்ல, தனியா ஒரு பெரிய கண்ணாடிப் பொட்டியில, மேலேர்ந்து லைட் அடிக்க நின்னா மேட்டம்மா.

செல்வி அவளத் தாண்டிப் போயிட்டா. அடுத்த பொட்டியில சீனாப் பானை. அதுக்கடுத்து நங்கூரம். திரும்ப வந்தா. "எங்கண்ணா அம்மா?"

நான் கையக் காட்டுனேன். அவ பாத்தா. இல்லன்னு தலய ஆட்டுனா. அவ மேலயும் தப்பில்ல. அத்தன வருசத்து மஞ்சளையும் எண்ணெயையும் மருந்து போட்டுக் கழுவிட்டாங்க. வெளுத்த கல்லு, எழுத்தெல்லாம் பளிச்சுன்னு. எனக்கே யாரோ மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் அவ கிட்டப் போய், கல்லோட எடது ஓரம் பெரிசா பேந்திருக்கற எடத்தப் பாத்தா. பொறந்ததுலேர்ந்து பாத்த மூஞ்சி, அதுல தெரிஞ்சிருச்சு. வாயில கைய வச்சிக்கினா.

"அய்யோ, அண்ணா... பொடவகூட இல்லாம நிக்க வச்சிருக்காங்களே."

அப்படியே ஒக்காந்து அழுதா. வாய் விட்டு. அமைதி காக்கவும்னு போர்டு தொங்கற எடத்துல, என் ஸ்பீக்கர் எதுவும் இல்லாம, அந்தச் சத்தம் ஹால் பூரா போச்சு. நான் வேற பக்கம் திரும்பிக்கினேன். எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, சொல்றதுக்கு இன்னா.

சத்தம் கேட்டு அதிகாரி மேடம் ஒருத்தங்க வந்தாங்க. சின்ன வயசு, கண்ணாடி போட்டவங்க. தன்மையாத்தான் பேசுனாங்க. ஏழுமலை கையக் கட்டிக்கினு வெவரத்தச் சொன்னான். என் மாப்ள அவ்வளவு நீளமா பேசி நான் அதுவரைக்கும் கேட்டதில்ல.

மேடம் செல்வி பக்கத்துல குனிஞ்சாங்க. "அம்மா, உங்க மனசு புரியுது. ஆனா இது சாமிச் சிலை இல்ல. வணிகர்கள் வச்ச கல்வெட்டு. எல்லாம் இதுலயே எழுதியிருக்கு."

செல்வி மூக்கத் தொடச்சிக்கினா. "எழுதியிருக்கட்டும் மேடம். எங்க வூட்டுச் செவுத்துல கட்சிக்காரங்க வருசா வருசம் எழுதிட்டுத்தான் போறாங்க. அதுக்காக அது எங்க வூடு இல்லன்னு ஆயிடுமா?"

மேடம் எழுந்து நின்னாங்க. பொடவ சாத்த முடியாது, பொட்டியத் தொறக்கவே முடியாது, உள்ள காத்து ஈரம் எல்லாம் கணக்குன்னாங்க. கத்தி, பிளேடு உள்ள விட அவங்களுக்கே அதிகாரம் இல்லன்னாங்க. வெளிய தோட்டத்துல வேணா செஞ்சுக்குங்கன்னாங்க.

"காலடியிலன்னு சொல்லிட்டேன் மேடம். வாக்கு குடுத்துட்டேன்."

எல்லாரும் என்னப் பாத்தாங்க. தாய்மாமனாச்சே, ஏதாவது செய்வான்னு. நான் செவுத்துல இருந்த போர்டப் படிச்சிக்கினு இருந்தேன். தொடாதீர்கள். சாப்பிடாதீர்கள். ஃப்ளாஷ் கூடாது. கூர்மையான பொருட்கள் கூடாது.

செல்வி பையன இழுத்து மடியில உக்கார வச்சா. கனகாம்பரத்த உருவிப் போட்டா. உச்சியிலேர்ந்து ஒரு கொத்து முடிய விரல்ல சுத்துனா. குனிஞ்சா. அவன் தலைக்கு முத்தம் குடுக்கறான்னுதான் நான் நெனச்சேன். கடிச்சா. பல்ல வச்சு, நறநறன்னு, தலய இப்படியும் அப்படியும் ஆட்டி, அந்தக் கொத்த அறுத்தா. பையன் "ம்மா, ம்மா"ன்னான். யாரும் நகரல. செக்யூரிட்டி விசில வாய்க்குக் கொண்டு போனவரு அப்படியே நின்னாரு.

வாயிலேர்ந்து முடிய எடுத்து, பொட்டிக்குக் கீழ, கண்ணாடித் தர மேல வச்சா. "எடுத்துக்கோ"ன்னா. "உன் கணக்கு முடிஞ்சுது. இனிமே இவன வுட்ரு."

சாமிகிட்ட அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்ல. கோயில் மைக்குல எத்தன பேரு பேசிக் கேட்டிருக்கேன்.

செக்யூரிட்டி அதப் பொறுக்கக் குனிஞ்சாரு. மேடம் கையக் காட்டி நிறுத்துனாங்க. "இருக்கட்டும்"னாங்க. "சாயந்திரம்தான கூட்டுவாங்க."

பார்க்கிங்ல மொட்டை

மிச்ச முடிய பார்க்கிங்ல ஒரு புங்க மரத்து நெழல்ல எறக்குனோம். என் மடியிலதான். வேலு அண்ணன் கத்தியத் திரும்ப வாங்கிக்கினு வந்து, தண்ணி தெளிச்சு, பெரிய பெரிய கொத்தா எறக்குனாரு. அவ்வளவு முடியையும் சொமந்துக்கினு இருந்த அந்தத் தல பாத்தா ஒரு தேங்கா அளவுதான். சந்தனம் பூசுனோம். பொங்கலத் தூக்குலேர்ந்து எடுத்துத் தின்னோம். கோவிந்தன் மாமா, "எங்க குலசாமிக்கு அடுத்த முடி"ன்னு ஆரம்பிச்சாரு. யாரும் காதுல வாங்கல.

பையனுக்குத் தல லேசானதும் கால் நிக்கல. மொட்டயத் தடவிக்கினு வேனச் சுத்தி ஓடுறான். எங்க எல்லாரு கண்ணும் பொங்கல்ல இருந்த நேரம் பாத்து கேட்டத் தாண்டிட்டான். துறைமுகத்துக்குப் போற ரோடு. கன்டெய்னர் லாரி ஒண்ணு ஹாரன அழுத்திக்கினு வந்துச்சு. ஏழுமலை கையில இருந்த பொங்கலப் போட்டுட்டுப் பாஞ்சான். அதுக்கு முன்னாடி செல்வி போயிட்டா. கையப் புடிச்சு இழுத்தா, ரெண்டு பேரும் பிளாட்பாரத்துல வுழுந்தாங்க. லாரி போயிருச்சு.

அவ எழுந்தா. அவன நிக்க வச்சா. அடி பட்டுருச்சான்னு மேல கீழ தடவிப் பாத்தா. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதும் முதுகுல வச்சா பாருங்க ஒண்ணு, பளார்னு.

பொறந்ததுலேர்ந்து அந்தப் பையன் மேல ஒரு அடி வுழுந்ததில்ல. பாலக் கொட்டுனாலும், செல்போன ஒடச்சாலும், ஆளக் கடிச்சாலும், யாரும் கை ஓங்கமாட்டோம். அம்மனோட புள்ள, அவ சொத்து, அடிச்சா அவளுக்கு யாரு பதில் சொல்றது? செல்வி அவன அதட்டிக்கூட நான் பாத்ததில்ல. வேற வூட்டு விருந்தாளிய வச்சிப் பாக்கறா மாதிரிதான் வளத்தா.

பையனுக்கே புரியல. அடின்னா இன்னான்னு தெரியாத புள்ள. அவளயே பாத்துக்கினு நின்னுட்டு, அப்புறம்தான் வாயப் பொளந்து அழ ஆரம்பிச்சான்.

கோவிந்தன் மாமா கைய ஒதறிக்கினு ஓடியாந்தாரு. "அய்யய்யோ, இன்னாம்மா நீ, புள்ளயப் போயி அடிக்கிற!"

செல்வி அவனத் தூக்கி இடுப்புல வச்சிக்கினா. மூச்சு வாங்குது, மூஞ்சியெல்லாம் தண்ணி, தோள் பூரா சந்தனம்.

"என் புள்ள, மாமா. நான் அடிப்பேன்."